எண் இரண்டு

ஆஸ்பத்திரி பெட்ஷீட்டுக்கு இரண்டு பேர் வேண்டும். ஈரத்தோடு வருகிற துணியின் இந்த முனையை ஒருத்தியும் அந்த முனையை மற்றவளும் பிடித்து, ஒன்றாக உதறி, ஒன்றாக முன்னே நகர்ந்து, துணி தேய்க்கிற சூட்டு உருளையின் வாயில் விளிம்பைக் கொடுக்க வேண்டும். ஒருத்தி அரை நொடி பிந்தினால் துணி கோணலாகப் போகும். கோணலாகப் போனது சிக்கும். சிக்கினால் மெஷினை நிறுத்த வேண்டும். மெஷின் நின்றால், எங்கே இருந்தாலும் மோப்பம் பிடித்துக்கொண்டு சூப்பர்வைசர் வந்துவிடுவார்.

பதினாறு வருஷமாக அவள் சலவைக்கூடத்தில் இந்த முனையைப் பிடிக்கிறாள். ஒன்பது வருஷமாக அந்த முனையில் நிற்கிறவளுக்கு ரேடியோ என்று பெயர். பெற்றவர்கள் வேறு ஏதோ வைத்திருப்பார்கள். சம்பளம் போடுகிற அன்று மட்டும் அது ஞாபகத்துக்கு வரும். காலையில் ஏப்ரனைக் கட்டும்போது வாயைத் திறந்தால், சாயங்காலம் அவிழ்க்கும்போதுதான் மூடுவாள்.

"அக்கா, இழுத்துப் பிடி. நின்னுக்கிட்டே தூங்கறியா?"

"நீ வாய மூடு, நான் கண்ண முழிச்சுக்கறேன்."

"நான் வாய மூடினா இந்த மெஷினு சத்தத்துல உனக்குப் பைத்தியம் பிடிச்சிடும். நன்றி கெட்டவ."

வெளியே ஒன்பது நாளாக மழை. விட்டு விட்டுப் பெய்தாலும் பரவாயில்லை. இது நச்சுப் பிடித்த மழை. உள்ளே நீராவி. தகரக் கூரையின் அடியில் நீர் கோத்துச் சொட்டும். உள்ளே இருந்தால் வேர்வையில் நனையலாம், வெளியே போனால் மழையில் நனையலாம், இஷ்டம் போல் எடுத்துக்கொள் என்பாள் ரேடியோ.

வேலைக்கு வந்தவர்கள் போனை வாசலில் உள்ள மரப்பெட்டியில் போட்டுவிட வேண்டும். அவளும் போடுவாள், பேட்டரி செத்த பழைய போனை. நல்ல போன் பிளாஸ்டிக் உறைக்குள் சுற்றி, ஏப்ரன் பைக்குள் தொடையோடு ஒட்டிக் கிடக்கும். அந்தப் போன் ஒன்பது நாளாகத் துடிக்கவில்லை. அவளுக்கு ஒன்பது நாளாகச் சோறு இறங்கவில்லை.

அவள் வீட்டில் திருட்டு அலாரம் மாட்டியபோது தெருவே சிரித்தது. "குடிக்கிறது கூழு, கொப்பளிக்கிறது பன்னீரு" என்று எதிர்வீட்டுத் தையல்காரர் காதில் விழும்படியே சொன்னார். அவள் புருஷன் பஸ் டிரைவர், அவர் வீட்டில் திருட என்ன இருக்கிறது? இருந்ததை எடுத்துப் போக வீட்டுக்குள்ளேயே ஆள் இருந்தான், அது தெருவுக்கும் தெரியும். முதலில் மிக்ஸி போனது. பிறகு தண்ணீர் மோட்டார். அவளுடைய கம்மல். நடுவில் தையல்காரரின் சைக்கிளும் போனது, அதோடு அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் பேச்சுவார்த்தையும் போனது. கடைசியாக, இருபது வருஷம் விபத்தில்லாமல் வண்டி ஓட்டியதற்கு டிப்போவில் கொடுத்த வெள்ளிக் கோப்பை. அது என்ன விலைக்குப் போனதோ, இரண்டு நாள் குடிக்குக்கூடக் காணாது.

கோப்பை இருந்த இடத்தில் தூசி படியாத வட்டம் ஒன்று இருந்தது. டிரைவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மகனின் சட்டைகளை ஒரு பையில் திணித்து வாசலில் வைத்தார்.

"எனக்குப் பிள்ளையே பொறக்கலன்னு நெனச்சுக்கறேன். நீயும் அப்படியே நெனச்சுக்கோ" என்றார் அவளிடம்.

"நான் எப்படி நெனச்சுக்கறது? பெத்தது நானில்ல?"

"அப்ப நான் மட்டும் நெனச்சுக்கறேன். நீ குறுக்க பேசாம இரு."

அவள் பேசாமல்தான் இருந்தாள். ஆனால் அவனுடைய தலையணையை மட்டும் அந்தப் பையில் போடவிடவில்லை. நீலக்கோடு போட்ட உறை. மாதத்துக்கு ஒருமுறை அதைத் துவைத்து, ஆஸ்பத்திரித் துணி போலச் சுருக்கமில்லாமல் தேய்த்து, அலமாரியின் மேல் தட்டில் திரும்ப வைத்துவிடுவாள்.

அதற்கு அடுத்த வாரம் அலாரம் வந்தது. மூலைக்கு மூலை ஒரு வெள்ளை டப்பா. ஆள் அசைந்தால் அதற்குத் தெரியும். கதவுக்கு ஒரு காந்தம். வாசலில் எண் அமுக்குகிற பலகை. கதவைத் திறந்து அரை நிமிஷத்துக்குள் நான்கு இலக்க எண்ணை அமுக்காவிட்டால் ஊரைக் கூட்டும். நடக்கிறதெல்லாம் அப்போதைக்கப்போது போனுக்கு மெசேஜாக வரும். டிரைவரிடம் இருப்பது பட்டன் போன், அதையும் டிப்போ பெட்டியில் வைத்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார். அதனால் மெசேஜெல்லாம் அவளுக்கு என்று ஆனது. ஏதாவது விபரீதம் என்றால் மட்டும் கம்பெனியின் கன்ட்ரோல் ரூமிலிருந்து கூப்பிடுவார்கள்.

"எண் ஒண்ணு சாருக்கு, எண் ரெண்டு உங்களுக்கு" என்றான் மாட்ட வந்தவன். "பொறந்த தேதி மட்டும் வெக்காதீங்கம்மா. திருடன் முதல்ல அதைத்தான் போட்டுப் பார்ப்பான்."

அவள் நன்றாகத் தலையாட்டினாள். தலையாட்டிவிட்டு மகன் பிறந்த தேதியைப் போட்டாள்.

முதல் மாதம் அந்த அலாரம் படுத்திய பாடு சொல்லி முடியாது. காற்றில் திரை ஆடினால் கத்தும். எலி ஓடினால் கத்தும். தெருக்காரர்கள் இரண்டு தரம் ஓடிவந்தார்கள், மூன்றாம் தரம் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள், அப்புறம் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். டிரைவர் முன்கதவுக்குப் புதுப் பூட்டு போட்டார். பின்கதவுக்குப் போட மறந்துவிட்டார். வண்டியை எடுக்கும் முன் ஆறு டயரையும் உதைத்துப் பார்க்கிற மனிதர்தான், என்றாலும் மறந்துவிட்டார். அவள் ஞாபகப்படுத்தவில்லை.

ஒருநாள் பகல், பெட்ஷீட்டின் முனையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது தொடையில் போன் துடித்தது. பின்கதவு திறந்தது. உடனே இன்னொன்று. அலாரம் நிறுத்தப்பட்டது, எண் 2.

எண் இரண்டு அவள். அவளோ இங்கே, ஒன்றரை மணி நேரத் தொலைவில், ஈரத்துணியும் கையுமாக. பின்கதவின் பழைய சாவியும் அந்தத் தேதியும் உலகத்தில் இன்னும் ஒருத்தனிடம்தான் சேர்ந்தாற்போல் இருக்க முடியும். இருபது நிமிஷம் கழித்து மூன்றாவது மெசேஜ். அலாரம் இயக்கப்பட்டது, எண் 2. சாயங்காலம் ஓடோடிப் போய்ப் பார்த்தாள். ஒரு சாமானும் குறையவில்லை. காலையில் அவள் தின்னாமல் வைத்துப்போன ரொட்டி மட்டும் இல்லை. தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது.

மறுநாளிலிருந்து வேண்டுமென்றே வைத்தாள். ரொட்டி, அவித்த முட்டை, தட்டின் ஓரத்தில் இரண்டு மாத்திரை. ஒன்பது வயதில் வந்த வலிப்பு அவனை விட்டுப் போகவில்லை. மாத்திரை தவறாத வரை அது உறங்கும். குடித்துவிட்டு மாத்திரையையும் விட்டான் என்றால் நின்ற இடத்தில் விழுவான். டிரைவர் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் அவள் வந்துவிடுவாள். தட்டை அலமாரியில் வைத்துவிட்டு, ஒன்றும் அறியாதவள் மாதிரி இருப்பாள்.

"இன்னிக்கு வீட்டுப் பக்கம் யாராவது வந்தாங்களா?" என்று தினமும் டிரைவர் கேட்பார்.

"யார் வரப் போறா நம்ம வீட்டுக்கு?" என்பாள்.

ஏழு மாதமாக அவளுக்கும் மகனுக்கும் இருந்த பேச்சு அந்த மூன்று வரிதான். திறந்தது, நிறுத்தப்பட்டது, இயக்கப்பட்டது. வந்தான், தின்றான், போனான். நேரில் பார்க்கப் போனால் அதுவும் கெட்டுவிடும் என்று பயந்து, ஒருநாளும் லீவு போட்டு வீட்டில் உட்காரவில்லை. பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

மழை பிடித்த நாளிலிருந்து அந்த மூன்று வரியும் நின்றுபோயிருந்தது. ஒன்பது தட்டு. பதினெட்டு மாத்திரை. தட்டில் இருந்ததைச் சாயங்காலம் அவளே தின்றாள், டிரைவர் கண்ணில் படாமல் இருக்க. மாத்திரைகளை டப்பாவில் திரும்பப் போட்டாள்.

அன்றைக்குப் பதினொன்று நாற்பத்திரண்டுக்குப் போன் துடித்தது.

பெட்ஷீட்டை விடாமல், ஒரு கையால் உறையோடு போனை மேலே இழுத்துப் பார்த்தாள். பின்கதவு திறந்தது. அலாரம் நிறுத்தப்பட்டது, எண் 2.

"என்னக்கா, முகம் பல்பு போட்ட மாதிரி ஆயிடுச்சு?" என்றாள் ரேடியோ. ரேடியோவுக்கு எல்லாம் தெரியும். ஊருக்கெல்லாம் ஒலிபரப்புகிறவள், இந்த ஒன்றை மட்டும் ஏழு மாதமாக வாய்க்குள் வைத்திருக்கிறாள்.

"வந்துட்டான்டி."

"அப்பாடா. இனிமேலாவது துணிய ஒழுங்காப் பிடி. ஒன்பது நாளா நீ பிடிச்ச பிடிக்கு, ஆஸ்பத்திரில படுத்திருக்கறவன் எல்லாம் கோணலாத்தான் படுத்திருப்பான்."

அவளும் சிரித்தாள். நாற்பது ஷீட் ஓடியிருக்கும். பன்னிரண்டு அடித்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். வழக்கமான இருபது நிமிஷத்துக்கு இன்னும் இரண்டு நிமிஷம். பன்னிரண்டு ஐந்து ஆனது. பன்னிரண்டு பத்து.

"இன்னும் போகல" என்றாள்.

"மழை கொட்டுது. சாவகாசமாப் போகட்டும். அவன் வீடுதானே?"

"அவன் உக்காரவே மாட்டான்டி. நின்னுக்கிட்டே தின்னுட்டு ஓடறவன். ஏழு மாசத்துல ஒருநாள்கூட இருபத்தஞ்சு நிமிஷத்த தாண்டினதில்ல."

"தூங்கிட்டானோ என்னமோ."

"ஒன்பது நாளா மாத்திரை இல்ல. வெறும் வயிறு. குடிச்சிருப்பான். வந்து..." அவள் கை தானாக விட்டுவிட்டது. ஷீட் கோணிக்கொண்டு உருளைக்குள் போய், மடிந்து, கருகல் வாடை கிளம்பியது.

சூப்பர்வைசர் வந்தார். "என்ன, ரெண்டு பேரும் கதை பேசிக்கிட்டு..."

"அவளுக்கு வயித்தால போகுது சார்!" என்று ரேடியோ மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தினாள். "நீங்க அந்த முனைய பிடிக்கிறீங்களா, இல்ல அவளை இங்கயே போகச் சொல்லவா?"

அந்த மனிதர் இரண்டடி பின்னால் போனார். அவள் பின்பக்கத் தகரக் கொட்டகைக்கு ஓடினாள்.

அழுக்கு மூட்டைகள் இறங்குகிற இடம் அது. மழைச் சாரல் கால்வரை அடித்தது. போனை உறையிலிருந்து எடுத்தாள். மகனைக் கூப்பிட வழியில்லை, அவன் போன் எப்போதோ விலைபோய்விட்டது. பக்கத்து வீட்டில் இரண்டு பேரும் வேலைக்குப் போயிருப்பார்கள். எதிர்வீட்டுத் தையல்காரர் நம்பரை, அவர் பேசிய பேச்சுக்கு, அவளே அழித்துவிட்டிருந்தாள். யாரைத்தான் கூப்பிடுவது?

அப்போதுதான் அது தோன்றியது. போனிலிருந்தே அலாரத்தை இயக்கலாம். இயக்கினால் மூலைக்கு மூலை இருக்கிற டப்பாக்கள் விழித்துக்கொள்ளும். அவன் ஓரடி எடுத்து வைத்தாலும் கத்தும், மெசேஜ் வரும். பாவம், பயந்துபோவான், அப்பாதான் வந்துவிட்டார் என்று ஓடுவான், இனி ஒருநாளும் வராமல்கூடப் போகலாம். விரலை வைத்து, எடுத்து, மறுபடி வைத்து அமுக்கினாள்.

அலாரம் இயக்கப்பட்டது, எண் 2. இவ்வளவு நேரம் காத்திருந்த மெசேஜ்தான். தானே அனுப்பித் தானே பார்க்க வேண்டியதாயிற்று.

"கத்து" என்றாள் போனைப் பார்த்து. "கத்தித் தொலையேன்."

காற்றுக்கும் எலிக்கும் கத்துகிற சனியன், இப்போது வாயைத் திறக்கவில்லை. ஒரு நிமிஷம். மூன்று. ஏழு. வீட்டுக்குள் ஒன்றுமே அசையவில்லை.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

"பேஷன்ட் பக்கத்துல யார் இருக்கா?" என்றது ஒரு குரல்.

"யாரும் இல்லீங்க. வீடு பூட்டியிருக்கு."

"பூட்டின வீட்டுக்குள்ள அவருக்கு முடியலன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"போன்ல மெசேஜ் வரும்..."

"என்னன்னு வந்துச்சு?"

"ஒண்ணும் வரல. அதாங்க சொல்றேன், ஒண்ணும் வரல!"

அந்தக் குரல் பெருமூச்சு விட்டது. "அம்மா, ஊரெல்லாம் வெள்ளம். வண்டி எல்லாம் வெளிய இருக்கு. யாராவது நேர்ல போய்ப் பாத்துட்டு, கதவத் திறந்து வெச்சுட்டுக் கூப்பிடுங்க. உடனே அனுப்பறேன்."

டிப்போவுக்குப் போன் போட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வேலை நேரத்தில் அவரைக் கூப்பிட்டதே கிடையாது. இப்போது அவர் கேட்டால் ஏழு மாதப் பொய்யையும் கொட்டிவிட வேண்டியதுதான். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன.

"இப்பத்தாம்மா வண்டிய எடுத்துட்டுப் போனாரு" என்றார் டைம் ஆபீஸ்காரர். "அந்தக் கடைசிக்குப் போய்ச் சேர இந்த மழைல ரெண்டு மணி ஆயிடும். என்ன சேதி சொல்லணும்?"

என்ன சேதி சொல்ல? "வீட்டுக்குப் போகச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

மிச்சம் இருந்தது கன்ட்ரோல் ரூம். ஒரு பெண் எடுத்தாள். சின்னப் பெண்ணின் குரல்.

"உங்க ரகசியச் சொல் என்னம்மா?"

"சைலன்சர்." டிரைவர் வைத்த சொல். வேறு சமயமாக இருந்தால் சொல்லும்போதே சிரிப்பு வரும்.

"நன்றி. சொல்லுங்க."

"எங்க வீட்டுக்கு உடனே ஆள அனுப்பும்மா. உங்க ரோந்து பைக்கு எங்க பக்கத்துலயேதான் சுத்தும், நான் பாத்திருக்கேன். பூட்ட உடைச்சு உள்ள போகச் சொல்லு. உள்ள ஆளு விழுந்து கிடக்கு."

"ஒரு நிமிஷம்." விசைகள் தட்டுப்படுகிற சத்தம். "பதினொண்ணு நாப்பத்திரண்டுக்கு எண் ரெண்டு போட்டு நிறுத்தியிருக்கு. அப்பறம் போன் வழியா இயக்கியிருக்கு. அசைவு ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"அசைவு இல்லாததுதாம்மா சரியில்ல!"

"தூங்கறாங்களோ என்னமோ..."

"அப்ப எழுப்பு. உன்னால அங்கிருந்தே சைரன அடிக்க முடியுமா?"

"சோதனைக்கு அடிக்கலாம். ரெண்டு நிமிஷம்தான் ஓடும்."

"அடி."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றரை மணி நேரத்துக்கு அப்பால் அந்தச் சின்ன வீட்டில் சைரன் அலறுகிறது. பாத்திரமெல்லாம் அதிரும். செத்தவன்கூட எழுந்து உட்காருவான் என்று ஒருநாள் இவளே அதைத் திட்டியிருக்கிறாள். எழுந்திரு, என் ராஜா. எழுந்து அந்த நம்பரை அமுக்கு. உன் பிறந்தநாள்தானடா அது.

"ரெண்டு நிமிஷம் முடிஞ்சுதும்மா" என்றாள் அந்தப் பெண். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "யாரும் நிறுத்தல. அசைவும் பதிவாகல."

"பாத்தியா? பாத்தியாம்மா? இப்ப அனுப்பு."

"அனுப்ப முடியாதும்மா. இது சோதனை. திருட்டு அலாரம் அடிச்சாத்தான் ரோந்து போகும். உள்ள இருக்கறவங்க உங்க எண்ணப் போட்டு, உங்க அனுமதியோட இருக்காங்க. அப்படி இருக்கற வீட்டுப் பூட்ட உடைச்சா எங்க மேல கேஸு. போன மாசம் அப்படித்தான் ஒருத்தருக்கு வேலை போச்சு."

"நான் வீட்டுக்காரி சொல்றேன். என் பூட்டு. உடைங்க."

"அதுவும் இல்லாம..." அந்தப் பெண் தயங்கினாள். "உங்க ஃபைல்ல ஒரு குறிப்பு இருக்கு. சார் எழுதச் சொன்னது."

"எந்தச் சாரு?"

"உங்க வீட்டுக்காரருதான். ஏழு மாசம் முன்னாடி, நேரம் கெட்ட நேரத்துல எண் ரெண்டு போட்டு யாரோ வந்திருக்காங்கன்னு எங்காளுங்க அவரைக் கூப்பிட்டிருக்காங்க. அதுக்கு அவர் சொன்னத அப்படியே எழுதியிருக்கு. படிக்கட்டுமா? 'பகல்ல பின்கதவு வழியா எண் ரெண்டு போட்டு வந்தா யாரும் ஒண்ணும் கேக்க வேண்டாம். ஆளையும் அனுப்ப வேண்டாம். என் சம்சாரத்துக்கும் நான் சொன்னது தெரிய வேண்டாம். அது எங்க வீட்டு ஆளு.'"

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் அழுக்கு மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

மறந்துவிட்டார் என்று நினைத்தாளே, பின்கதவுப் பூட்டை. யாராவது வந்தாங்களா என்று தினமும் கேட்டது சந்தேகத்தில் இல்லை. வந்தான் என்று அவள் வாயிலிருந்து கேட்கத்தான். பிள்ளையே பிறக்கவில்லை என்று சொன்ன வாய், முகம் தெரியாத யாரோ ஒருத்தரிடம் எங்க வீட்டு ஆளு என்று சொல்லியிருக்கிறது. ஏழு மாதமாக ஒரே வீட்டில் ஒரே சோற்றைத் தின்றுகொண்டு, ஒருத்தருக்கு ஒருத்தர் மறைத்து, இரண்டு பேரும் அவனைக் காத்து வந்திருக்கிறார்கள். அவளுக்கு ஓவென்று அழ வேண்டும் போல் இருந்தது. அழ நேரமில்லை. அவர் அவனைக் காக்க எழுதிவைத்த வரிதான் இப்போது வாசலில் நின்று வழிமறிக்கிறது.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

"திருடன்னு சொன்னா அனுப்புவியா?"

"என்னம்மா?"

"உள்ள இருக்கறது திருடன்னு சொன்னா உங்காளு உடைச்சுக்கிட்டுப் போவானா?"

"உடனே போவாரு. ஆனா அது போலீஸுக்கும் தானாப் போயிடும்மா. நீங்க பேசறது பதிவாகுது. அப்பறம் இல்லன்னு மாத்த முடியாது. யோசிச்சு..."

அந்த வார்த்தையை அவள் வீட்டுக்குள் விட்டதே இல்லை. தையல்காரர் வாசலில் நின்று சொன்னபோது துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு போனவள். டிரைவர் கோபத்தில் வாயெடுத்தபோதெல்லாம், "அந்த ஒரு சொல்லு மட்டும் வேண்டாம், எங்கிட்ட" என்று கையெடுத்துக் கும்பிட்டவள். ஜெயிலில் மாத்திரையாவது வேளைக்குக் கொடுப்பார்கள். ஆனால் உயிரோடு இருக்கிறவனுக்குத்தானே ஜெயில்.

"எழுதிக்கோ" என்றாள். "அது எங்க வீட்டு ஆளு இல்ல. என் நம்பரத் திருடிப் போட்டு உள்ள வந்திருக்கான். திருடன். வீட்டுக்குள்ள திருடன் இருக்கான்."

விசைகள் வேகமாகத் தட்டுப்பட்டன. "பதிவாயிடுச்சு. ரோந்துக்குப் போயிடுச்சு. ஆளைப் பத்தி ஏதாவது தெரியுமாம்மா? அடையாளம்? எங்காளுக்கு உதவியா இருக்கும்."

"ஒல்லியா இருப்பான். உயரம். இடது புருவத்துல வெட்டுத் தழும்பு இருக்கும்."

"வயசு எவ்வளவு இருக்கும்?"

"இருபத்தி நாலு. முடிஞ்சு மூணு மாசம் ஆகுது."

விசைச் சத்தம் நின்றது. பிறகு, ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக மறுபடி தட்டுப்பட்டது.

"எழுதிட்டேம்மா" என்றாள். "ஆறு நிமிஷத்துல போயிடுவாரு. உள்ள போனதும் உங்களையே நேரா கூப்பிடச் சொல்றேன்."

ரேடியோ கொட்டகைக்கு வந்து எட்டிப் பார்த்தாள். ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக அவள் ஒன்றும் பேசவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

மணி ஒன்று. போன் துடித்தது. முன்கதவு திறந்தது. மறுபடி துடித்தது. அசைவு, ஹால். சைரன் அடிக்கிறது. மறுபடி. அசைவு, சமையலறை. அது யார் அசைவு என்று மெசேஜில் வராது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அவள் ரேடியோவின் கையைப் பிடித்தாள். பெட்ஷீட்டைப் பிடிக்கிற பிடி அது, ரேடியோவுக்கு வலித்திருக்கும்.

போன் அடித்தது. சைரன் சத்தத்துக்கு நடுவே ஓர் ஆண் குரல் கத்தியது. பிறகு சைரன் நின்றது.

"அம்மா, நான் ரோந்துலருந்து பேசறேன். ஆளப் பிடிச்சாச்சு. சமையல்கட்டுல தரையில கிடக்கறான். தப்பிச்சு ஓட முடியல போல..."

"மூச்சு இருக்கா?"

"என்னது?"

"மூச்சு இருக்கான்னு பாருங்க. மூக்குகிட்ட கைய வெச்சுப் பாருங்க."

காலடிச் சத்தம். முழங்கால் தரையில் படுகிற சத்தம். அவள் இத்தனை வயதில் காத்திருந்ததெல்லாம் இதற்கு முன் ஒன்றுமில்லை.

"இருக்கும்மா. குறட்டை மாதிரி இழுக்குது. வாயெல்லாம் நுரை. மண்டையில அடிபட்டிருக்கு. கையில ரொட்டித் துண்டு. சரி, நான் கைய பின்னால கட்டிடறேன். போலீஸ் வர்ற வரைக்கும் கட்டி வெக்கணும், அதான் எங்களுக்கு ஆர்டர்."

"கட்டாதீங்க!" கொட்டகை அதிரக் கத்தினாள். "கட்டாதீங்கய்யா. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க. வாயில ஒண்ணும் திணிக்காதீங்க, தண்ணி குடுக்காதீங்க. ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க, கதவு திறந்திருக்குன்னு சொல்லுங்க, நீங்க சொன்னா வருவாங்க."

"திருடனுக்காம்மா?"

"ஆமா. தலை தரையில அடிச்சுக்கும், அதுக்கடியில மெத்துன்னு ஏதாவது குடுக்கணும்."

"இங்க என்னம்மா இருக்கு குடுக்க? பாத்திரந்தான் இருக்கு."

"உள்ரூமுக்குப் போங்க. அலமாரி இருக்கும். மேல் தட்டுல நீலக்கோடு போட்ட தலகாணி ஒண்ணு இருக்கு. அது அவனோடதுதான். அத எடுத்து வையுங்க."

எழுந்து போகிற பூட்ஸ் சத்தம் கேட்டது. அந்த அலமாரிக் கதவைத் திறந்தால் கிறீச்சிடும். அந்தச் சத்தத்துக்காகப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். அது கேட்டது.